தள்ளிப்போட்ட காதுகுத்து

என் மகளுக்குப் பதினோரு வயது வரைக்கும் காது குத்தவில்லை. பிறந்த முடியும் எடுக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் குழந்தை அப்படி வளர்வது பெரிய அதிசயம். பிறந்து ஒரு வருஷம் முடிவதற்குள் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போட்டுவிடுவார்கள். பாப்பாவைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் அவள் மடங்கிய கைகளைப் பார்ப்பார்கள், சாய்ந்த தலையைப் பார்ப்பார்கள், அப்புறம் காதைப் பார்ப்பார்கள். மற்ற இரண்டுக்கும் 'உச்' கொட்டுவார்கள். காதுக்கு மட்டும்தான் கேள்வி கேட்பார்கள்.

"ஏத்தா, காது கூடவா குத்தல?"

வேண்டுதல் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள்.

அவளுக்கு ஒரு வயது நெருங்கியும் தலை நிற்கவில்லை என்று மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மூளை முடக்குவாதம் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார், படம் போட்டுக்கூடக் காட்டினார். ஆனால் அவர் சொன்னதில் எனக்கு அந்த ஒரு சொல் மட்டும்தான் காதில் ஏறியது. திரும்பும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர், கொடை ரோடு தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இவ நடந்து வந்து பழனியில முடி கொடுப்பா. அதுக்கப்புறந்தான் காது குத்து, விருந்து எல்லாம். அதுவரைக்கும் இவ தலையில கத்தி படக் கூடாது."

அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. பின்னால் அந்த வேண்டுதலோடு நான் போட்ட சண்டையைப் பார்த்தவர்கள், எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நடப்பாள் என்று அவரைவிட அதிகமாக நம்பியவள் நான்தான். அவர் மில்லுக்குப் போய்விடுவார். நான் நாளெல்லாம் அவள் கூடவே கிடப்பேன். ஜாக்கெட் தைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டு அவளைப் படுக்கவைத்துக்கொண்டு, ஒவ்வொரு தையலுக்கும் ஒருதரம் அவள் காலைப் பார்ப்பேன். கட்டைவிரல் அசைந்தால் அன்றைக்கு மெஷின் தானாக ஓடும்.

எனக்கு இருந்த ஆசையெல்லாம் ரொம்பச் சின்னது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எங்கள் தெருவில் செருப்பைத் தொலைத்துவிட்டு அம்மாவிடம் அடி வாங்கும். ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கும் பிள்ளையை ஒருத்தி, "போன மாசம்தானடி வாங்கிக் கொடுத்தேன்" என்று விரட்டுவதைக் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகளுக்கும் வருஷத்துக்கு ஒரு ஜோடி வாங்குவேன். காலுக்குச் சிறிதாகும்போது அதன் அடிப்பாகம் கடையில் இருந்த மாதிரியே இருக்கும். தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். செருப்பைத் தொலைத்ததற்கு அவளை ஒரு நாள் வாய் நிறையத் திட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. இப்போதும் அது அப்படியேதான் இருக்கிறது.

முடி மட்டும் தடையில்லாமல் வளர்ந்தது. அவள் அப்பாவின் சாடை, அடர்த்தியான முடி. திண்டுக்கல்லில் தண்ணீர் வருகிற லட்சணத்தில் அந்த முடியை அலசி எடுப்பதற்குள் இரண்டு குடம் காலியாகும். சித்திரை மாதம் தலை முழுக்க வேர்க்குரு. இரண்டு சடை போட்டு மேலே தூக்கிக் கட்டிவிட்டு, "நடந்துட்டா எல்லாத்தையும் சாமிக்குக் கொடுத்துடலாம்டி" என்பேன். அவள் சிரிப்பாள். பேச்சு வராது. சிரிப்புக்கு மட்டும் குறைவே இல்லை.

இதற்கு நடுவில் நாங்கள் ஊர் விசேஷம் ஒன்றுவிடாமல் போய்க்கொண்டிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம் என்றால் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வர முடியாது. செய்முறை செய்ய வேண்டும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு குடிபோவது எல்லாவற்றுக்கும் போய் மொய் எழுத வேண்டும். நாம் விசேஷம் வைக்கும்போது அவர்கள் வந்து, நாம் செய்ததோடு கொஞ்சம் கூட்டிச் செய்வார்கள். அந்தக் கூடுதலை அடுத்த முறை நாம் திருப்ப வேண்டும். இப்படி ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் ஓயாது. ஓயவும் கூடாது. பாங்குக்காரன் கேட்கிற எதையும் கேட்காமல் கல்யாணச் செலவையும் வீட்டுச் செலவையும் ஊரே தூக்கிவிடும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்தது திரும்பி வர வேண்டுமானால் நம் வீட்டில் ஒரு விசேஷம் வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையின் விசேஷத்தை என் வீட்டுக்காரர் வேண்டுதலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அசல் திண்டுக்கல் பூட்டு, லேசில் திறக்காது.

பத்திரிகை வரும்போதெல்லாம் நான் முணுமுணுப்பேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மில்லில் கூட வேலை செய்பவர்களின் வீடுகள் வேடசந்தூர் பக்கம், என் சொந்தம் சித்தையன்கோட்டைப் பக்கம், அவர் சொந்தம் டவுனைச் சுற்றி. ஆவணியிலும் தையிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் பந்தல்தான். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மொய் எழுதுகிற மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பேன். எங்கள் பெயரை மைக்கில் படிப்பார்கள். "உன் பேரையும் படிக்கிற நாள் வரும்டி" என்று அவள் காதில் சொல்வேன்.

அரசாங்கத்திலிருந்து அவளுக்கு மாதாமாதம் பணம் வருகிறது. அதைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். முதன்முதலில் வந்தபோது வலிப்பு மாத்திரைக்கும் பாலுக்கும் எடுத்தது போக, பிசியோதெரபி பயிற்சி மையத்துக்கு வாரம் இரண்டு தடவை ஆட்டோவில் போய்வரவும் அது போதும் போதாமல் கைகொடுத்தது. அப்புறம் ஒவ்வொன்றாக மேலே ஏறியது. ஆட்டோக்காரத் தம்பி நல்ல பிள்ளை. கூலியைக் கூட்டிக் கேட்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டான். "பெட்ரோல் விக்கிற வெலைக்கு ஏலலக்கா" என்று கண்ணாடியைத் துடைப்பான். வீட்டு வாடகை ஏறியது, சிலிண்டர் ஏறியது, எண்ணெய் ஏறியது. என்னை ரொம்ப எரிச்சல்படுத்தியது டயபர்தான். பிள்ளை வளர வளரப் பெரிய அளவு வாங்க வேண்டும். அளவு பெரிதானால் விலை கூடும், பாக்கெட்டுக்குள் எண்ணிக்கை குறையும். அவளும் வளர்ந்தாள், விலைவாசியும் வளர்ந்தது. அந்த உதவித்தொகைக்கு மட்டும் வளர்த்தியைக் காணோம்.

மையத்துக்கு வாரம் இரண்டு தடவை என்பது ஒரு தடவையானது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, அதில் போகலாமே என்று சொன்னவர்கள் உண்டு. போயும் பார்த்தேன். விறைத்துக்கொள்ளும் உடம்பு. என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலையில் பஸ் படியில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருப்பார். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் என் முதுகுதான் நல்லபடியாக இல்லை.

அந்த மையத்தில்தான் எனக்கு ஒரு அக்கா வாய்த்தார். மாதாவைக் கும்பிடுகிற குடும்பம். சாயங்காலத்தில் தெருமுனையில் பணியாரம் சுட்டு விற்பார். அவருடைய மகனும் என் மகளைப் போலத்தான். அவளைவிட ஒரு வயது கூட இருக்கும். பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும்போது நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எந்தக் கடையில் டயபர் மலிவு என்பதில் ஆரம்பித்து உலகத்தையே பேசித் தீர்ப்போம். மற்ற இடங்களில் என் மகளைப் பற்றிப் பேசினால் எதிரில் இருப்பவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். அவரிடம் பேசினால், "இவனும் அப்படித்தான், மாத்திரைய நாக்காலேயே தள்ளிப்புடுவான், எமகாதகன்" என்பார். அந்தப் பெஞ்சில் கிடைத்த ஆறுதல் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

போன வருஷம் ஒரு நாள் பிசியோ மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். பாப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகுத்தண்டில் விரலை மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டினார். நடுவில் விரல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனது.

"வளைய ஆரம்பிச்சிருச்சும்மா. இவ அளவுக்குச் செஞ்ச சேர் வேணும். தலைக்குத் தாங்கல், இடுப்புக்குப் பெல்ட்டு, காலுக்குப் பலகை எல்லாம் வச்சது. இப்படியே படுத்தும் சாஞ்சும் கெடந்தா பின்னாடி மூச்சுக்கே கஷ்டமாப் போகும்."

அரசாங்க முகாமில் கொடுத்த வீல் சேர் வீட்டில் இருந்தது. அதில் உட்காரவைத்தால் மூட்டை மாதிரி சரிந்து கீழே வந்துவிடுவாள். அளவெடுத்துச் செய்கிற சேருக்கு மனு கொடுத்திருந்தோம். வரும் என்றுதான் சொன்னார்கள். வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வளைகிற முதுகிடம் போய்க் கொஞ்சம் பொறு என்று யார் சொல்வது? கோயம்புத்தூரில் செய்து தருகிறார்கள் என்று விசாரித்தேன். விலையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்த பிறகு, இரண்டு நாள் எனக்குத் தையல் நேராகப் போகவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊரெல்லாம் எங்கள் பணம் இருக்கிறது. காது குத்தினால் வரும்.

அன்றைக்கு அவர் ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸில் வந்து இறங்கி, பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"ஏங்க, தையில பாப்பாவுக்குக் காது குத்திருவோமா?"

"நடக்கட்டும்."

"நடக்குற வரைக்கும் முதுகு இருக்கணும்ல."

"சாமிகிட்ட ஒரு பேச்சுப் பேசிட்டு, காசு வேணும்ங்குறதுக்காக மாத்திப் பேசச் சொல்றியா?"

"காசு எனக்கு நகை வாங்கவா கேக்குறேன்? சேருக்குத்தான கேக்குறேன்?"

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் போய் நின்றுகொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார்.

"இன்னைக்கு மொட்டை போட்டா இவ இனிமே நடக்க மாட்டான்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும். என்னால ஏலாது."

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அன்று அவர் வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஏனென்றால் அவர் சொன்னது எனக்கும் தெரியும். அந்த முடியைச் சீவும் ஒவ்வொரு நாளும் அவள் நடக்கப்போகிறாள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். முடி போய்விட்டால் அதை எதைப் பிடித்துக்கொண்டு சொல்வது?

சில நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் எங்களுக்கு நடுவில் போய்வந்துகொண்டிருந்தது. என் அண்ணன் சித்தையன்கோட்டையிலிருந்து தேங்காய் மூட்டையோடு வந்தவர், வீடு கிடந்த அழகைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன மருமகளே, உங்கம்மாவும் அப்பனும் பேச மாட்டாகளாமே? நீயாச்சும் பேசு."

அவள் சிரித்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் அவள் காதைத் தடவிப் பார்த்தார்.

"தோடு இவ பொறந்த வருசமே எடுத்து வச்சுட்டேன்த்தா. உங்க மதினிக்கே தெரியாது. இன்னைக்குப் பவுன் விக்கிற வெலையில நான் எங்கிட்டுப் போயி எடுக்க? இவ மாமன் மடி பத்து வருசமா சும்மாத்தான கெடக்கு. மாப்பிள்ளை எப்பச் சொல்றாரோ அப்பச் செய்வோம்."

அவர் என் வீட்டுக்காரரிடம் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளை விஷயத்தில் தலையிட மாட்டார். தோட்டை மட்டும் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசியில் என் வீட்டுக்காரரை யாரும் பேசி மாற்றவில்லை. ஒரு முகூர்த்த சமயம். எனக்குக் கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. அவருக்கு வார லீவு. "இன்னைக்கு நீங்க மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பினேன். அதுவரை அவர் உள்ளே வரை போனதில்லை. கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும்தான். அன்று மேடம் அவரை உள்ளே கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து மகளின் முதுகில் வைத்து, மேலிருந்து கீழே ஓட்டச் சொல்லியிருக்கிறார். அவர் மில்லில் நூல் பார்க்கிறவர். ஓடுகிற நூலில் எங்கே முடிச்சு, எங்கே மெலிவு என்று விரல் வைத்தே சொல்லிவிடுவார். அந்த விரலுக்கு அன்றைக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாப்பாவைப் பாயில் படுக்கவைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"தையில நாள் பாரு" என்றார்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

பழனிக்கு ஒரு வேன் பிடித்துப் போனோம். நாங்கள் மூன்று பேர், அண்ணன் குடும்பம், அவ்வளவுதான். தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகும் அடிவாரத்தில் காவடியும் அரோகரா கோஷமும் இருந்தன. முடி எடுக்கிற மண்டபத்துக்கு முன்னால் வரிசை. அவர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், மண்டபத்து வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"இவளைக் கீழ எறக்குறேன். நீ காலைப் பிடி."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பாப்பாவின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்தி நிறுத்தினார். அவள் தலை அவர் மார்பில் சாய்ந்தது. இரண்டு சடையும் முன்னால் தொங்கின. பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. நான் குனிந்து, முட்டிபோட்டு, அவள் வலது காலை எடுத்து முன்னால் வைத்தேன். அப்புறம் இடது காலை. அவர் அவளோடு சேர்ந்து ஒரு அடி நகர்ந்தார். மறுபடியும் வலது கால். சிமெண்டுத் தரை வெயிலில் சுட்டது. அவள் பாதத்துக்கு அடியில் என் கையை வைத்துக்கொண்டேன். நான் முட்டியால் நகர்ந்தேன், அவர் கொஞ்சங்கொஞ்சமாக அடி வைத்தார். எங்கள் பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். யாரோ ஒரு அம்மா "அரோகரா" என்றார். ஒவ்வொரு தடவை அவள் காலைக் கீழே வைக்கும்போதும் அந்தப் பாதம் என் உள்ளங்கையை அழுத்தும் என்று காத்திருந்தேன். அழுத்தவில்லை. பஞ்சு மாதிரி இருந்தது. வாசல்படி வந்ததும் அவர் மலையைப் பார்த்து, "நடந்து வந்துட்டா" என்றார். சாமியிடம் பேசுகிற குரலில் இல்லை, மில்லில் மேஸ்திரியிடம் கணக்குச் சொல்கிற குரலில் இருந்தது.

அப்போதுதான் நான் அழுதேன். சண்டை போட்டு இதைக் கேட்டு வாங்கியவள் நான். ஆனாலும் அழுதேன்.

முடி எடுத்தவர் பக்குவமான ஆள். அவள் தலையைத் தன் கை அகலத்துக்குள் அடக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் எடுத்தார். உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. பிறந்த அன்று பார்த்ததுதான். அப்படி ஒன்று இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன். சந்தனம் பூசிவிட்டதும் அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் திண்டுக்கல்லில் ஒரு சின்ன மண்டபத்தில் காதுகுத்தும் விருந்தும். அண்ணன் மேளதாளத்தோடு சீர்த்தட்டு கொண்டுவந்தார். பழம், பட்டுப்பாவாடை, தேங்காய் எல்லாம் வரிசையாக வந்தன. தவில் சத்தம் கேட்டதும் பாப்பாவுக்கு உடம்பு துள்ளியது. தவிலை இவ்வளவு பக்கத்தில் கேட்டால் அவளுக்குப் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மாமன் மடியில் உட்கார்ந்தாள். அவள் விறைத்துச் சரிந்துவிடாமல் அண்ணன் ஒரு கையால் இடுப்பையும் ஒரு கையால் நெற்றியையும் பிடித்திருந்தார். ஆசாரி குத்தியபோது வீறிட்டாள். எல்லாப் பிள்ளையும் அழுகிற மாதிரிதான் அழுதாள். எனக்கு அது என்னவோ பெருமையாக இருந்தது.

சொந்தக்காரர்கள் யாரும் வராமல் இருக்கவில்லை. வேடசந்தூர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். பந்தி நடந்தது. மொய் மேசையில் உட்கார்ந்தவர் ஒவ்வொரு வீடாக மைக்கில் படித்தார். நான் பந்தியில் இலைக்கு இலை கேட்டுக்கொண்டே காதை மைக்கில் வைத்திருந்தேன். யாருக்கு எவ்வளவு செய்தோம் என்பது எனக்கு நோட்டு இல்லாமலே மனப்பாடம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம்தான்.

முதல் வீடு, நாங்கள் செய்தது அப்படியே வந்தது. இரண்டாவது வீடும் அப்படியே. மூன்றாவது, நாலாவது. நாங்கள் செய்தது எதுவோ அதுதான் வந்தது, அதற்கு மேல் பத்து ரூபாய் கூடவில்லை. என் ஒன்றுவிட்ட மதினி ஒருத்தி கை கழுவிவிட்டு வந்து என் தோளைத் தொட்டாள். "நம்ம கணக்கு நேராயிருச்சுத்தா, பாத்துக்க" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள்.

எனக்கு இலைகள் கலங்கித் தெரிந்தன. பணம் வந்துவிட்டது. சேருக்குப் போதும், அதற்கு மேலும் மிஞ்சும். யாரும் ஏமாற்றவில்லை, ஒருத்தரும் குறைத்துச் செய்யவில்லை. ஆனால் வேறு எந்த வீட்டிலும் அவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள். காது குத்துகிற வீட்டில் கூட்டித்தான் செய்வார்கள். அந்தப் பிள்ளைக்கு நாளைக்குச் சடங்கு வரும், கல்யாணம் வரும், அப்போது திரும்பி வரும். என் வீட்டில் மட்டும் இன்றோடு தீர்த்துக்கொண்டார்கள். இனி இந்த வீட்டில் ஒரு பந்தல் எழும்பாது என்று வேடசந்தூர் முதல் சித்தையன்கோட்டை வரைக்கும் எல்லாரும் பேசி வைத்த மாதிரி நினைத்திருக்கிறார்கள். மைக்கில் ஒவ்வொரு வீட்டையும் படிக்கப் படிக்க எனக்கு அது மட்டும்தான் கேட்டது. கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு மேசையைக் கவிழ்க்கலாமா என்றிருந்தது. "சாம்பார் ஊத்தவா?" என்று அடுத்த இலைக்குப் போனேன்.

மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு பணியாரக்கார அக்கா வந்தார். மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. சாப்பிட்டால் போதும் என்று நினைத்து இலை போட ஓடினேன். அவர் நேரே மேசைக்குப் போய்விட்டார். மைக்கில் அவர் தெருவைச் சொல்லி, பணியாரக் கடை என்று சொல்லி, தொகையைப் படித்தார்கள். இரண்டு நாள் அடுப்பில் வெந்தால்தான் அவருக்கு அந்தக் காசு வரும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதுக்குக்கா இதெல்லாம்? ஒங்ககிட்ட யாரு கேட்டா?"

"ஏன், எங்க வீட்டு விசேசத்துக்கு நீ வர மாட்டியா? வந்து திருப்பிச் செய்யி."

"என்னக்கா விசேசம்?"

"இவனுக்குப் புதுநன்மைதான், மொத தடவை அப்பம் வாங்குற சடங்கு" என்று மகனின் வாயைத் துடைத்தார். "இவன் வயசுப் பிள்ளைக எல்லாம் எடுத்துருச்சுக. எங்க மாதா கோயில் சாமியார் இவனுக்கு வீட்டுக்கே வந்து குடுக்குறேங்குறாரு. எங்க வீட்டுக்காரருதான் வேணாங்குறாரு. இவன் எந்திரிச்சு, வரிசையில நின்னு, கையேந்தி வாங்கணுமாம். நிக்கட்டும்னு வச்சிருக்கோம். அன்னைக்கு ஊருக்கே சோறு போடணும்னு இருக்கோம்."

நான் அவர் மகனின் முதுகைப் பார்த்தேன். சட்டைக்கு மேலேயே தெரிந்தது. என் மகளுக்கு இருப்பதைவிட அதிகமான வளைவு.

"அக்கா, காத்திருக்காதீக" என்றேன். "இந்த ஈஸ்டர் முடிஞ்சதும் வச்சிருங்க. வர்றதை வச்சு இவனுக்கும் ஒரு சேர் செஞ்சிருவோம். நான் கூட இருந்து எல்லா வேலையும் பாக்குறேன்."

அக்கா என் மகளைப் பார்த்தார். மொட்டைத் தலை, சந்தனம், காதில் மாமன் போட்ட தோடு. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இவன் நிக்க மாட்டான்குறியா?"

கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். என் பிள்ளையின் முடியைக் கொடுத்துவிட்டு வந்தவள் அல்லவா நான், நிச்சயமாகத் தெரிந்துகொண்டுதான் கொடுத்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் பின்னால் பெஞ்சை மடக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நிப்பான்க்கா" என்றேன். "நிக்கிற அன்னைக்கு இன்னொரு தடவை சோறு போடுங்க. அதுக்கும் வந்து செய்வேன். இது வேற, அது வேற."

"ஒம் மகளுக்கும் அப்படித்தானா?"

"ஆமாக்கா. எம் மக நடக்குற அன்னைக்கு, நீங்க வந்து கூட்டிச் செய்யணும்."

சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அக்கா முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இலை போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டேன்.